சுவருக்கு மெத்தை தைத்தவர்

சட்டை எடுப்பதற்காகச் சோபா மாஸ்டர் படுக்கையறை அலமாரியைத் திறந்தபோது, உள்ளே அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

சுவரோடு சேர்த்துக் கட்டிய பழைய அலமாரி அது. உள்ளே போனால் நிற்கலாம், மடங்கினால் உட்காரலாம். அவள் மடங்கியிருந்தாள். அடியில் சமையலறை முக்காலி. தலைக்கு இரண்டு பக்கமும் அவருடைய சட்டைகள். முதுகுக்குப் பின்னால், விசேஷங்களுக்கு மட்டும் வெளியே வரும் அவருடைய ஒரே கோட்டு. ஹேங்கர் ஒன்றில் கயிறு கட்டித் தொங்கவிட்ட டார்ச் அவள் மடியிலிருந்த புத்தகத்தின் மேல் வட்டமாக வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. காதில் ஹெட்போன். முகத்துக்கு நேரே மைக்.

மாஸ்டர் “மன்னிக்கணும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஆள் இருக்கும் கழிவறையைத் தெரியாமல் திறந்துவிட்டவர் சாத்துவதுபோல, கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் மரியாதையாக. சாத்திய பிறகுதான் அது தன் வீடு, தன் அலமாரி, உள்ளே இருப்பது தன் பெண்டாட்டி, தான் இன்னும் பனியனோடு நிற்கிறோம் என்கிற விஷயங்கள் ஒவ்வொன்றாக உறைத்தன. மறுபடி திறந்தார்.

“ஏம்மா, உள்ள என்ன பண்றே?”

“வாசிக்கிறேன்.”

“அதுக்குன்னு ஒரு ரூமே கட்டிக் குடுத்திருக்கேனே.”

“இங்க கொஞ்சம் குளுமையா இருந்துச்சு.”

அவள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மூக்கு நுனி வரை வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். “அந்த நீலச் சட்டையை எடு,” என்றார் மாஸ்டர். அவள் தலைக்கு மேல் கைவிட்டு, பார்க்காமலே நீலச் சட்டையை உருவி நீட்டினாள். பிறகு கதவை உள்ளிருந்து தானே சாத்திக்கொண்டாள்.

மாஸ்டர் என்றதும் பாட்டு, நடனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்து உட்கார்ந்தே உயிரை விட்ட சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் புது உடம்பு தைத்துக் கொடுப்பவர் அவர். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடும்பம், இரண்டுக்கும் நடுவில் பஞ்சும் ஃபோமும் அடைத்துவைக்கும் ஸ்டோர் ரூம். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். உள்ளே என்ன கண்றாவி இருந்தாலும் மேலே ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துவிட்டால் பார்க்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு பணம் கொடுப்பான். தன் உடம்பைப் பற்றியும் அவருக்கு இதே அபிப்பிராயம். தினமும் காலையில் தொப்பையை உள்ளே இழுத்து, பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைப் பார்த்து “ஃபினிஷிங்தான் முக்கியம்” என்று சொல்லிக்கொள்வார். மூச்சை விட்டதும் ஃபினிஷிங் போய்விடும். அது வேறு விஷயம்.

அவருடைய மனைவியைத் தெருவில் எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தவள், செய்தித்தாளில் வந்திருந்த ஒரு கொலைக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினாள். கையும் கண்ணும் வேலையில் இருந்தாலும் காது சும்மாதானே கிடக்கிறது என்று அவரும் கேட்டார். கொலைகாரன் சிக்குகிற மாதிரி தெரியவில்லை. எனவே மறுநாளும் வாசிக்க வேண்டியதாயிற்று, அதற்கு மறுநாளும். ஒருவழியாக அவன் பிடிபட்டதும் இருவருக்கும் பொழுது போகவில்லை. நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். அன்றைக்குத் தொடங்கியது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். பட்டறையில் வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. மாஸ்டர் வாழ்க்கையில் ஒரு நாவல்கூடப் படித்ததில்லை. ஆனால் நாவல்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கல்லூரி வாத்தியார்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், அதுவும் அவர் தைத்த நாற்காலியையே.

ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பாதியில் நின்ற கதையைத் தானே படித்துவிடலாமென்று புத்தகத்தைத் திறந்தார். அவர் கண்ணால் படித்தபோது கதாநாயகன், வில்லன், ஆயா, நாய் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். அந்தக் குரலும் மின்கட்டணம் கட்டச் சொல்கிற குரலாக இருந்தது. மூடி வைத்துவிட்டு அவளுக்குக் கஷாயம் போடப் போனார். காய்ச்சல் இறங்க வேண்டுமென்று அவர் பட்ட பாட்டில் பாதிக்கும் மேல் சுயநலம்.

இப்படி வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த காரியத்துக்கு வெளியே ஒரு மதிப்பு உண்டு என்று கண்டுபிடித்தது மகள்தான். புத்தகங்களை ஒலியாக்கி விற்கிற கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்து அனுப்புகிறவர்களைத் தேடுகிறது என்று போனில் சொன்னாள். “அம்மா, மாதிரிக்கு ஒரு பத்து நிமிஷம் வாசிச்சு அனுப்பணும். மூணு வாய்ப்புதான் தருவாங்க. மூணும் சரியில்லைன்னா அப்புறம் நம்ம பேரையே பாக்க மாட்டாங்க.” மாஸ்டரம்மா சாயங்காலம் பட்டறையைக் கூட்டிக்கொண்டே, விளக்குமாற்றிடம் சொல்வதுபோல, “அனுப்பிப் பாக்கட்டுமா?” என்றாள். அவள் இதுவரை ஒரு புடவையைக்கூட அந்தக் குரலில் கேட்டதில்லை. மாஸ்டர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். “இதென்ன கேள்வி,” என்றார்.

முதல் மாதிரியைச் சமையலறையில், கைபேசியிலேயே பதிவுசெய்து அனுப்பினாள். கம்பெனியின் ஒலிப்பதிவாளர் குரல் செய்தியாகப் பதில் அனுப்பினார். சின்ன வயதுக்காரர் போலிருந்தது, மரியாதையான பேச்சு. “குரல் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா உங்க குரலோட சேந்து உங்க வீடும் பேசுது. குழாய் சொட்டுது, ஃபிரிட்ஜ் முனகுது. இன்னொண்ணு, வாக்கியத்துக்கு நடுநடுவுல எதுக்கோ காத்திருக்கிற மாதிரி நிக்கிறீங்க. அது என்னன்னு எனக்குப் புரியல.”

மாஸ்டருக்குப் புரிந்தது. அது அவருடைய சுத்தியல். அவர் கை ஓங்கும்போது நிறுத்தி, அடி விழுந்ததும் தொடர்ந்து, ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் கதையை நுழைத்து நுழைத்தே அவள் வாசிக்கப் பழகியிருந்தாள். சுத்தியலே இல்லாத சமையலறையிலும் அவள் நாக்கு அவருக்காக நின்று நின்று போயிருக்கிறது. அன்று முழுக்க அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை. அவளோ அந்தப் பழக்கத்தை விடுவதற்காக, அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று நிறுத்தாமல் வாசித்துப் பழகினாள். பாதிக் கதை அவர் காதில் விழவில்லை. கொஞ்ச நாளில் தொண்டையைச் சேமிக்க வேண்டுமென்று பட்டறை வாசிப்பையே நிறுத்திவிட்டாள். அப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் ஒருத்தி ரயிலேறப் போய்க்கொண்டிருந்தாள். ஏறினாளா இல்லையா என்று கேட்கக்கூட மாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் ஸ்டோர் ரூமை ஒலிப்பதிவு அறையாக்குகிற வேலை தொடங்கியது. கையில் காசு கிடையாது. அதனால் மூளையைச் செலவழித்தார்கள். மைக்கை, பாட்டுக்குழு ஆரம்பித்து அதைவிட வேகமாகக் கலைத்த ஒருவரிடம் பழையதாக வாங்கினார்கள். அவர் அதை ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கொடுத்தார். சக்கரம் வைத்த பழைய ஆபீஸ் நாற்காலியின் அடிப்பாகத்தில் மேஜை விளக்கின் கழுத்தைப் பொருத்தி மாஸ்டர் ஸ்டாண்டு செய்தார். அது மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பவ்யத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய வீட்டு வேலைக்காரன் மாதிரி இருந்தது. ‘ப’ வரும்போதெல்லாம் மைக்கில் காற்று அடிக்காமலிருக்க, மாஸ்டரம்மா தன்னுடைய எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இறுக்கி முன்னால் மாட்டினாள். மகள் விட்டுவிட்டுப் போன லேப்டாப்புக்குள் இருந்த விசிறி, விமானம் கிளம்புகிற மாதிரி இரையும். சுவரில் துளை போட்டு, வயரை மட்டும் உள்ளே விட்டு, லேப்டாப்பை வெளியே உட்கார வைத்தார்கள். கதவு இடுக்கை, காயலான் கடையில் கிடந்த ஒரு காரின் ரப்பர் பட்டை அடைத்தது. எல்லாவற்றையும் மகள் போனில் சொன்னாள், மாஸ்டரம்மா யோசித்தாள், மாஸ்டர் செய்தார்.

சுவர் மட்டும் முழுக்க முழுக்க மாஸ்டரின் யோசனை. மகள், “மெத்து மெத்துன்னு ஏதாவது வச்சு சுவரை மூடணும்ப்பா, அப்பதான் எதிரொலி அடங்கும்,” என்று சொன்னதுதான் தாமதம், மனிதருக்கு ஆவேசம் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் மிச்சம் விழுந்த ஃபோம், பிரித்த மெத்தைகளின் பஞ்சு, சாக்குத் துணி என்று இருந்ததையெல்லாம் திரட்டி, மரச்சட்டம் அடித்து, நான்கு சுவருக்கும் திணித்தார். அதற்கு மேல், ஒரு ஹோட்டல் முதலாளி ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன மெரூன் கலர் ரெக்சின். சும்மா ஒட்டினால் அவர் மாஸ்டரா? வைரம் வைரமாகக் கட்டம் பிடித்து, கட்டத்துக்கு ஒரு பட்டன் தைத்து, ஓரமெல்லாம் பித்தளைக் குமிழ் ஆணி வரிசையாக அடித்து முடித்தபோது, அறை ஒரு மகாராணியின் நகைப்பெட்டியை உள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. மாஸ்டரம்மா வாசலில் நின்று பார்த்தாள். “இந்த வீட்ல இதுவரைக்கும் தைச்சதெல்லாம் வேற யாரோ உக்கார்றதுக்குத்தாங்க,” என்றாள். மாஸ்டர், ரப்பர் பட்டையில் ஏதோ கோளாறு இருப்பதுபோலக் குனிந்து, ரொம்ப நேரம் அதைச் சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. முக்காலிக்குக் கால் போட வந்தவரைக்கூட, “ஒரு நிமிஷம், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க,” என்று அழைத்துப் போய்க் காட்டினார். வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். பட்டனை அமுக்கிப் பார்த்தார்கள். ஒருவர் அங்கேயே தன் மகனுக்குப் பெண் பார்க்கலாமா என்று கேட்டார். 

இரண்டாவது மாதிரி அந்த அறையிலிருந்துதான் போனது. பதில் வந்த அன்று மாஸ்டர் ஆவலாகக் கேட்டதற்கு, “இன்னும் கொஞ்சம் சரி பண்ணணுமாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். “அவங்களுக்குக் காதுல கோளாறு,” என்று மாஸ்டர் தீர்ப்பு எழுதினார். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கு அவள் அந்த மெரூன் அறையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நீலச் சட்டைக்காக அலமாரியைத் திறக்கும் வரை.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் எங்கும் போகவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் தன் கைவேலை பளபளவென்று நின்றது. ஒரு குறை சொல்ல முடியாது. என்ன பேசுவது என்று தெரியாமல், பேச்சுக்கு முன்னால் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்தார்: செருமினார்.

சுவரும் திருப்பிச் செருமியது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். “யாரு?” என்றார். ‘ரு’ தகர டப்பாவுக்குள் போட்ட கோலி மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இசை தெரியாது, ஒலி தெரியாது. ஆனால் இந்தச் சத்தம் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பாடினால் குளியலறையில் கேட்கிற அதே சத்தம்.

கதவு திறந்தது. மாஸ்டரம்மா நின்றாள். முக்காலியில் மடங்கியிருந்ததில் ஒரு கால் இன்னும் நேராகவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்பத்திலேருந்து அலமாரி வாசம்?” என்றார்.

“ரெண்டாவது பதில் வந்ததுலேருந்து.”

“என்னதான் சொன்னாங்க? மறைக்காம சொல்லு.”

“மொதல் தடவையைவிட மோசமா இருக்காம். ஏதாச்சும் குளிக்கிற எடத்துல உக்காந்து வாசிச்சீங்களாம்மான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு.”

மாஸ்டருக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்ததா என்று அவரே ஒரு கணம் உள்ளே தேடிப் பார்த்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“ஒவ்வொரு பட்டனுக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துத் தைச்சீங்க. எப்படிங்க சொல்றது?”

“அப்ப அலமாரியே போதும்னு விட்டுட்டியா?”

“போதாது. அந்தச் சுவருக்குப் பின்னாடிதான் தண்ணிக் குழா போகுது. மேல் வீட்டுக்காரர் குளிச்சா என் கதையில மழை பெய்யுது. அப்புறம் ஒரு முழுப் புத்தகத்தை அதுல உக்காந்து வாசிச்சா, என்னை மடக்கினபடியேதான் தூக்கிட்டுப் போகணும்.”

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரிப்பும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை; யாரோ தன்னைக் கிண்டல் செய்வதுபோல இருந்தது.

அவள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். இந்த அறையில் வாசித்ததையும் அலமாரியில் வாசித்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். முதலாவதில் அவள் ஏதோ பெரிய மண்டபத்தின் கடைசியிலிருந்து கூப்பிட்டாள். இரண்டாவதில் காதோரம் வந்து உட்கார்ந்துகொண்டாள். மூச்சு இழுப்பது, உதடு பிரிவது, ஒரு சொல்லுக்கு முன் சின்னதாக ஒரு தயக்கம், எல்லாம் கேட்டது. எத்தனையோ வருஷம் பட்டறையில் கேட்ட குரல்தான். இவ்வளவு பக்கத்தில் அவர் இதுவரை கேட்டதேயில்லை. எப்போதும் நடுவில் ஒரு சுத்தியல் இருந்திருக்கிறது. மேல் வீட்டுக்காரரின் மழை தொடங்கும் வரை அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“பிரச்சினை ரெக்சின்தானா?” என்றார் கடைசியில்.

“அது வழவழன்னு இருக்குல்ல? சத்தம் வழுக்கிட்டுத் திரும்பிடுது. உள்ள நீங்க வச்சிருக்கிற பஞ்சும் ஃபோமும்தான் சத்தத்தைக் குடிக்கும். அதுக்கு வாயைக் கட்டிட்டீங்க.”

“ஊசியால பொத்தல் பொத்தலாப் போட்டா?”

“எடுத்துடுங்க.”

“எடுத்துட்டு?”

“அப்படியே விட்டுடுங்க.”

“அம்மணமாவா?” மாஸ்டரின் குரல் உடைந்தது. “கிழிசல் ஃபோமும் சாக்குமா? பாக்கறவன் என்னை என்ன நினைப்பான்?”

“பாக்கறதுக்கு யாரும் வரலீங்க. கேக்கத்தான் வர்றாங்க.”

மாஸ்டர் எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போனாரா என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள், ஆணி பிடுங்குகிற நெம்புகோலோடு திரும்பி வந்தார். முதல் குமிழ் ஆணியின் கழுத்தில் அதைக் கொடுத்து நெம்பும்போது, தன் பல்லையே பிடுங்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அது பாதி நடிப்பு. பத்துப் பதினைந்து ஆணி போன பிறகு நடிப்பும் சுகப்படவில்லை, பேசாமல் பிடுங்கினார். அடிக்கும்போது இழுத்துப் பிடித்திருந்த ரெக்சின், ஆணி போனதும் பெருமூச்சு விட்டுச் சரிந்தது. உள்ளே அவர் உலகத்துக்குக் காட்டாமல் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது: ரோஸ் கலர் ஃபோம், மஞ்சள் கலர் ஃபோம், பாதி கடித்த மாதிரி ஓரங்கள், பழைய மெத்தைப் பஞ்சின் மேல் தாறுமாறாகப் போட்ட தையல். மாஸ்டரம்மா ஒவ்வொன்றாகத் தொட்டாள். “இது அந்த வக்கீல் வீட்டு ஊஞ்சல் மெத்தைதானே? நாய்க்கும் எறும்புக்கும் சண்டை வர்ற கதை வாசிச்சோமே, அப்பப் பிரிச்சது.” எந்தத் துண்டைத் தொட்டாலும் அவளுக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. அவருக்கு விலை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

ஒரு சுவர் உரிந்ததும் அறையின் நடுவில் நின்று அவள் கைதட்டினாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாவது சுவர் போனதும் மறுபடி. மாஸ்டருக்கும் முதலில் வித்தியாசம் தெரிந்தது. சத்தம் ஓட ஆரம்பித்து, கால் தடுக்கி விழுவதுபோல. நான்கும் உரிந்த பிறகு அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. தட்டிய இடத்திலேயே சத்தம் செத்து விழுந்தது. “முடிஞ்சுது!” என்று நெம்புகோலைக் கீழே போட்டார்.

அவள் இன்னொரு தடவை தட்டினாள். திரும்பி நின்று தட்டினாள். பிறகு கதவுக்கு மேல் இருந்த மூலையைக் கைகாட்டினாள். “அங்க மட்டும் ஏதோ இன்னும் முணுமுணுக்குது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“எனக்குக் கேக்குது.”

மாஸ்டர் அந்த மூலையைப் பார்த்தார். மேலே சாக்குத்துணி, மற்ற இடம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் காது மடல் மெதுவாகச் சூடாகத் தொடங்கியது. வேலையின் கடைசி நாளில் ஃபோம் தீர்ந்துபோனது. அந்த ஒரு மூலைக்கு மட்டும் அட்டைப்பெட்டியை மடித்துத் திணித்து, மேலே சாக்கைப் போட்டு, ரெக்சினை இழுத்துவிட்டிருந்தார். கதவுக்கு மேலே யார் பார்க்கப் போகிறார்கள்? இப்படி எத்தனை சோபாவின் எத்தனை மூலையில் எத்தனை அட்டை! உட்கார்ந்தவர்கள், தடவியவர்கள், பேரம் பேசியவர்கள் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இவள் தொடக்கூட இல்லை. நடு அறையில் நின்று கைதட்டியே கண்டுபிடித்துவிட்டாள்.

ஏணி போட்டு ஏறினார். சாக்கை விலக்கினார். அட்டையை உருவி அவளிடம் நீட்டினார். அதன் மேல் ஏதோ பிஸ்கட் கம்பெனியின் படத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினதை நினைச்சா இப்பதான் பயமா இருக்கு,” என்றார் ஏணியின் மேலிருந்து. “வேற என்னென்ன கேட்டுது உனக்கு?”

“எல்லாமும்தான்,” என்றாள் மாஸ்டரம்மா, குழந்தையைப் பார்த்துக்கொண்டே. “எறங்குங்க, ஏணி ஆடுது.”

அவர் இறங்கிப் போய், தன் மத்தியானத் தூக்கத்துக்கென்று வைத்திருந்த தலையணையைக் கொண்டுவந்து, மறுபடி ஏறி, அந்த மூலையில் திணித்துத் தைத்தார். அவள் கைதட்டினாள். தலையைச் சாய்த்தாள். அவர் ஊசியைப் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி ஏணியில் நின்றார். அவள் தலையாட்டினாள்.

மூன்றாவது மாதிரியை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மாஸ்டர் ஃபிரிட்ஜை நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார், மேல் வீட்டுக்காரரிடம் போய், ஒரு மணி நேரம் அழுக்காகவே இருக்கும்படி மன்றாடிவிட்டு வந்தார். மாஸ்டரம்மா வெந்நீர் குடித்தாள். புத்தகத்தைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவள் அதை மறுபடி துடைப்பதை மாஸ்டர் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டுமென்று தேடினார். ஆபத்துக்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை.

“பட்டறையிலயே உக்காந்திருங்க,” என்றாள் அவள். “இருமல் வந்தா தெருவுக்குப் போயிடுங்க.”

“உசிரு போனா?”

“அதையும் சத்தம் போடாம விடுங்க.”

சிரித்தது அவள்தான். சிரித்த முகத்தோடே உள்ளே போனாள். ரப்பர் பட்டை உறிஞ்சுகிற சின்னச் சத்தத்தோடு கதவு மூடிக்கொண்டது.

மாஸ்டர் பட்டறைக்கு வந்து, பாதியில் நின்ற ஒரு மர நாற்காலியின் முன்னால் நின்றார். கைப்பழக்கத்தில் ஒரு பிடி ஆணியை எடுத்து உதடுகளுக்கு நடுவில் வரிசையாகக் கவ்விக்கொண்டு, சுத்தியலையும் எடுத்த பிறகுதான், அடிக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே நின்று காதைத் தீட்டினார். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அவள் குரல் கேட்கும். பின்கட்டில் அவள் போனில் பேசினால் இங்கே அவர் பாதி பதில் சொல்வார். இப்போது ஒன்றுமில்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. வேலை அவ்வளவு சுத்தம். தன் கையாலேயே அவளைத் தன் காதிலிருந்து இப்படி முழுசாக எடுத்து வைத்துவிட்டோமே என்று ஒரு பக்கம் திக்கென்றது. இன்னொரு பக்கம், அட, எப்படிக் கட்டியிருக்கிறேன் பார் என்று நெஞ்சு விரிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் எங்கே இருக்கிறாள், தடுமாறினாளா, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாளா, எதுவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டர் வந்தார். தன் கிளினிக்கின் நோயாளி நாற்காலியைப் புது உறை போடுவதற்காக முந்தின நாள் வண்டியில் அனுப்பியிருந்தார். உறை போட்டாகிவிட்டதா என்று பார்க்க வந்தவர், படியேறும்போதே, “மாஸ்டர், என் நாற்காலி...” என்று தொடங்கினார். மாஸ்டர் சுத்தியலை நீட்டி ஸ்டோர் ரூம் கதவைக் காட்டினார். டாக்டர் பாதி வார்த்தையோடு நின்றார். கதவைப் பார்த்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

“யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கிசுகிசுத்தார்.

வாய் நிறைய ஆணி. மாஸ்டர் தலையை இல்லையென்று ஆட்டினார். சுத்தியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, புத்தகம்போல விரித்துக் காட்டினார். டாக்டருக்கு என்ன புரிந்ததோ, ரொம்பப் பயபக்தியாகத் தலையை ஆட்டினார். உட்கார இடம் தேடினார். பட்டறையிலிருந்த எல்லா இருக்கைகளும் தோலுரிந்து கிடந்தன, அவருடையதைத் தவிர. புது உறையின் வாசனையோடு நடுவில் நீட்டிக்கொண்டிருந்த அதில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். அது அவரைக் கேட்காமலே மெல்லப் பின்னால் சாய்த்துப் படுக்கப் போட்டது.

இத்தனை காலம் அதன் பக்கத்தில் நின்றவரே தவிர, அதில் படுத்தவர் இல்லை போலிருக்கிறது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்பின் மேல் கோத்துக்கொண்டார். வாய் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது. அவர் தலைமாட்டில், கையில் சுத்தியலும் உதட்டிடுக்கில் வரிசை ஆணியுமாக மாஸ்டர் அசையாமல் நின்றார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடிக்காமல் போனது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், அவள் வாசிக்கிற கதையில், யாராவது பிறந்துகொண்டிருக்கலாம், யாராவது யாரையாவது விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கலாம். டாக்டரின் கண்கள் மேலே மாஸ்டரைப் பார்த்தன, பிறகு கதவைப் பார்த்தன. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.